இரசாயனத்துக்கு ஓலை வாசித்த கதை

இரசாயனம் என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் ஒரு கலியாணம் நின்றுபோய்க் கிடந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, பெங்களூர்த் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், ஆஸ்டின் டவுன் பக்கம் அப்படி ஒரு கலியாணம் நின்றது. மாப்பிள்ளை பெயர் ஓஸ்வால்ட். பெண் பெயர் ஜூடித். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. பங்குச் சாமியாருக்கு ஆட்சேபம் இல்லை. ஜாதகம் பார்க்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது. குறுக்கே நின்றது விஞ்ஞானம் ஒன்றுதான்.

ஓஸ்வால்ட் சென்னைக்குப் போய் இரசாயனத்தில் பட்டம் வாங்கி வந்தவன். கப்பன் பார்க்குக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த சர்வசாஸ்திர கலாசாலையில் இரசாயன வாத்தியார் வேலை கிடைத்தது. வேலை தற்காலிகம். ஜூடித்தின் அப்பா பெர்னார்ட், கன்டோன்மென்ட் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸிலேயே தலை நரைத்தவர். சீல் வைக்காத மூட்டையை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. மாப்பிள்ளையையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

"நீ நல்ல பையன் மேன், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா டெம்பரவரின்னா என்னா? இன்னிக்கு வேணும்னு வெச்சுக்குவான், நாளைக்கு வேணாம்னு தூக்கிப் போட்டுடுவான். பர்மனென்ட் பேப்பர் கையில வரட்டும். வந்த வாரமே மூணாம் ஓலை."

ஓலை என்றால் கோயிலில் வாசிக்கும் கலியாண ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அறிவிப்பார். மூன்று ஞாயிறு வாசித்து, மூன்று தடவையும் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கலியாணம். அதற்கப்புறம் தடை சொல்ல வருகிறவன் சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரலாம். பெர்னார்ட் இரண்டு ஓலைக்குச் சம்மதித்தார். மூன்றாவதை, அட்ரஸ் சரியில்லாத பார்சலை நிறுத்துகிற மாதிரி நிறுத்திவைத்தார்.

சரி, பர்மனென்ட் ஆவதற்கு என்ன வழி என்று ஓஸ்வால்ட் கலாசாலையில் விசாரித்தான். வழி சுலபமாகத்தான் இருந்தது. இலாகா ஸ்திரமானால் அதில் வேலை பார்க்கிறவனும் ஸ்திரம். இலாகா ஸ்திரமாக வேண்டுமானால் அந்தச் சாஸ்திரத்துக்கு ஒரு வரையறை வேண்டும். அந்த வரையறைக்கு மற்ற இலாகாக்கள் ஒன்றும் ஆட்சேபம் சொல்லக் கூடாது.

இந்த விஷயத்தில் முந்திக்கொண்டவர் பௌதிக இலாகாத் தலைவர் சுந்தரராமன். கலாசாலை திறந்த புதிதில் அவருடைய இலாகா ஒன்றுதான் இருந்தது. "உலகத்தில் உள்ளது எதுவோ, அதைப் பற்றியது பௌதிகம்" என்று எழுதிக் கொடுத்தார். ஆட்சேபிக்க ஆள் இல்லாததால் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. பின்னால் வந்த சாஸ்திரங்கள் எல்லாம் அவரிடம் குடக்கூலிக்கு இருப்பது போலத்தான் இருக்க வேண்டியிருந்தது. தாவர சாஸ்திரத்துக்குப் பெரிய மனசு பண்ணி மரத்தை விட்டுக்கொடுத்தார். ஆனால் காய் காம்பை விட்டுக் கழன்றுவிட்டால், விழுவது பௌதிகம் ஆகையால், அது தம்முடையது என்று ஷரத்து வைத்திருந்தார். கலாசாலைத் தோட்டத்து மாங்காய்கள் இப்படியாக வருஷாவருஷம் அவர் வீட்டில் ஊறுகாய் ஆயின.

பிரின்சிபால் அனந்தபத்மநாபன் தர்க்கம் படித்தவர். ஜரிகைத் தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் மாட்டிய கோட்டு. எந்தச் சொல்லையும் வரையறுக்காமல் உச்சரிப்பது அவருக்குக் கை கழுவாமல் சாப்பிடுவது போல. கூட்டம் தொடங்கும் முன் கூட்டம் என்றால் என்ன என்று வரையறுப்பார். அது முடிவதற்குள் காபி வந்துவிடும். காபி முடிந்ததும், தொடங்குவது என்றால் என்ன என்று ஆரம்பிப்பார். பல கூட்டங்கள் தொடங்காமலே இனிது முடிந்திருக்கின்றன.

இரசாயன வரையறைக் கமிட்டி ஒருவழியாகத் தொடங்கிய அன்று அவர் ஓஸ்வால்டைப் பார்த்து அன்பாகச் சொன்னார்: "மிஸ்டர் ஓஸ்வால்ட், உங்க சாஸ்திரத்து மேல எங்களுக்கு ஒரு விரோதமும் இல்லை. அது என்னன்னு மட்டும் சொல்லிடுங்கோ. முடிஞ்சுது காரியம்."

ஓஸ்வால்ட் எழுந்து நின்று, சென்னையில் படித்தபடியே சொன்னான்: "பொருள்களின் அமைப்பு, குணம், மாற்றம், மாறும்போது அவை கொள்ளும் சக்தி, விடும் சக்தி, இவற்றை ஆராய்வது இரசாயனம்."

சுந்தரராமன் நிதானமாகக் கையைத் தூக்கினார். "பொருள் எங்களுது."

"சார்?"

"உலகத்துல உள்ளது எங்களுதுன்னு பாஸாயிருக்கு. பொருள் உள்ளதா, இல்லாததா?"

"உள்ளதுதான் சார்."

"அப்போ எங்களுது. சக்தி, கேக்கவே வேண்டாம். குணம்னா என்ன? எடை, நிறம், சூடு, ருசி. எல்லாம் குணம், எல்லாம் எங்களுது. என் ரூமுக்கு வந்து பாருங்கோ, தராசு வெச்சிருக்கேன்."

அமைப்பு என்பது இலையிலும் உண்டு, வேரிலும் உண்டு என்று தாவர சாஸ்திரக்காரர் அதை எடுத்துக்கொண்டார். பிரின்சிபால் அடித்தது போக மிச்சத்தை வாசித்துப் பார்த்தார்.

"மாற்றம்ங்கறதை யாரும் கேக்கலை," என்றார். "அது உங்களுக்கு. அதை வெச்சுண்டு குடித்தனம் பண்ண முடியுமா பாருங்கோ. ஆனா மாற்றம்னா என்னன்னு தெரியறவரைக்கும் லாபரட்டரியைத் திறக்க முடியாது. உள்ள இருக்கற சாமானை எல்லாம் உரியவாகிட்ட ஒப்படைச்சிடுவோம்."

அப்படியே ஒப்படைத்தார்கள். லாபரட்டரியில் கட்டியாக இருந்ததெல்லாம் மண்ணியல் இலாகாவுக்குப் போயிற்று. திரவமெல்லாம் கீழ்த்தளத்தில் இருந்த ஜலவாய்க்கால் இஞ்சினீரிங் இலாகாவுக்கு. வாயுக்கள் மாடியில் இருந்த வானிலை இலாகாவுக்கு. எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது, நவச்சார ஆவி வீசுகிற அமோனியா புட்டியை எடுக்கும்வரை. அதில் அடியில் இருந்தது திரவம், மேலே இருந்தது வாயு. இரண்டு இலாகாவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பிரின்சிபால் நியாயமாகத் தீர்ப்புச் சொன்னார். புட்டி மாடிப்படியின் நடுவில், இரண்டு தளத்துக்கும் பொதுவாக இருக்கட்டும். அடியில் இருப்பது எப்போது மேலே கிளம்புகிறது என்று பார்த்து, கிளம்பியதை மாடிக்குத் தெரிவிக்க ஓர் ஆள் பக்கத்தில் உட்காரட்டும்.

அந்த ஆள் கலாசாலை சூப்பரின்டென்டென்ட் நாணு. மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். கீழ்ப்படிவது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். கண்ணும் மூக்கும் கொட்டின. சாயந்திரம் பிரின்சிபாலிடம் போய், "சார், கண்ணுலேர்ந்து தண்ணி வருது. இது எந்த இலாகா சார்?" என்று பவ்யமாகக் கேட்டார்.

பிரின்சிபால் வெகுநேரம் யோசித்தார். "துக்கத்துல வந்தா உங்க சொந்த விஷயம். ஆபீஸ் நேரத்துல வந்தா இஞ்சினீரிங்," என்றார்.

ஓஸ்வால்ட் இதற்கிடையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. "இது டெஸ்ட் ட்யூப்," என்று வெறும் விரல்களைக் காட்டுவான். "இதில் நான் அமிலத்தை ஊற்றுகிறேன். இப்போது குமிழி வருகிறது. எல்லாரும் தள்ளி நில்லுங்கள்." மாணவர்கள் பெஞ்சோடு தள்ளி உட்காருவார்கள். குளோரின் பாடத்தன்று யார் யார் எந்த வரியில் இரும வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான்; மாணவர்களும் மனசாரவே இருமினார்கள். வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர், ஒரு கண்ணாடிச் சாமான்கூட உடையாத லாபரட்டரியை இந்தியாவிலேயே இங்கேதான் பார்த்ததாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஓலைக்கும் ஆயுசு உண்டு. குறித்த காலத்துக்குள் தாலி கட்டாவிட்டால் வாசித்தது செல்லாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும். சாமியார் மறுபடி முதல் ஓலை வாசித்தார், மறுபடி இரண்டாம் ஓலை வாசித்தார், மறுபடி நிறுத்தினார். மூன்றாவது சுற்று வந்தபோது "காலஞ்சென்ற சில்வெஸ்டர் குமாரன் ஓஸ்வால்டுக்கும்" என்று அவர் தொடங்கியதும், கோயிலின் பின்பெஞ்சுக்காரர்கள் ஜெபமாலைக்குப் பதில் சொல்வது போலக் கூடவே சொன்னார்கள். ஜூடித் கான்வென்ட் ஸ்கூலில் சின்ன வகுப்புக்கு டீச்சர். "டீச்சர், மூணாம் ஓலை எப்போ டீச்சர்?" என்று வாண்டுகள் கேட்டன. அவள் அவர்களுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓஸ்வால்ட் கமிட்டியிடம் கெஞ்சினான். "மாற்றத்தை நேரில் காட்டுகிறேன் சார். ஒரே ஒரு பரிசோதனைக்கு அனுமதி கொடுங்கள்."

"தாராளமா," என்றார் பிரின்சிபால். "ஆனா எந்த இலாகாவுக்கும் சொந்தமில்லாத பொருளா இருக்கணும்."

இங்கேதான் ஓஸ்வால்டின் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்திருக்க வேண்டாம். கலாசாலைக்குச் சம்பந்தமே இல்லாத பொருள், அதே சமயம் தானாக மாறுகிற பொருள், ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றிற்று. பெர்னார்ட் வீட்டுக் கலியாண ஒயின்!

அந்த வீடுகளில் கலியாணம் என்றால் ஒயினை வீட்டிலேயே போடுவார்கள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் கூடை கூடையாக நீலத் திராட்சை வாங்கி, பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் ஒரு துண்டு பட்டையும் போட்டுப் பீங்கான் ஜாடியில் வாய் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

"மாமா, இப்பவே பிழிஞ்சு ஜாடியை எங்கிட்ட குடுங்க," என்றான் ஓஸ்வால்ட். "காலேஜ்ல வெச்சு, சாறு ஒயினாகிறதைக் கமிட்டிக்குக் காட்டிடறேன். ஒயின் ரெடியாகும்போது பேப்பரும் ரெடி."

பெர்னார்ட் மோவாயைச் சொறிந்தார். "என் பொண்ணு கலியாண ஒயின் மேன் அது. ஒரு சொட்டு கெட்டாலும் உன்னை நான் சும்மா விடமாட்டேன்."

ஜட்கா வண்டியில் ஜூடித் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு கலாசாலை வாசல்வரை வந்தாள். இறக்கிக் கொடுக்கும்போது, "பத்திரம்," என்றாள். ஜாடியைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று ஓஸ்வால்ட் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

நாணு ஜாடியை "திராட்சைச் சாறு" என்று பதிவு செய்து, முத்திரை வைத்து, பிரின்சிபால் அறையின் மூலையில் வைத்தார். சாறு மாறுகிறதா என்று பார்ப்பதுதானே பரிசோதனை? ஆகவே தினம் காலையில் முத்திரையை உடைத்து, துணியை அவிழ்த்து, கரண்டி விட்டுக் கலக்கிப் பார்த்து, "ஏனூ ஆகில்லா சார்! ஒண்ணும் ஆகலை, சாறுதான்!" என்று கன்னடத்திலும் தமிழிலும் சத்தமாக அறிவித்து, மறுபடி முத்திரை வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஓஸ்வால்ட் பதறினான். "சார், திறக்கக் கூடாது சார். காத்துப் பட்டா பாழாப் போயிடும்."

"திறந்து பாக்காம மாறலைன்னு எப்படி ஓய் சொல்றது?" என்றார் பிரின்சிபால்.

சில நாளில் ஜாடி முணுமுணுக்கத் தொடங்கிற்று. சத்தம் பௌதிகம் என்று சுந்தரராமன் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். குமிழிக்குள் இருப்பது வாயு என்று வானிலைக்காரர்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். சின்னச் சின்ன ஈக்கள் மொய்த்தன; அவற்றுக்கு இலாகா இல்லாததால் அவை மட்டும் நிம்மதியாக இருந்தன. ஒருநாள் அறை முழுக்க ஒயின் வாசனை. ஓஸ்வால்டுக்கு ஆனந்தத்தில் குரல் உடைந்துவிட்டது.

"சார், ஆயிடுச்சு சார்! இதுதான் மாற்றம். சாறு போய் ஒயின் ஆயிடுச்சு!"

பிரின்சிபால் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஒயினா? என் ரூம்லயா? நான் மதுவிலக்கு சங்கத்துக்கு உபதலைவர் ஐயா! என் ரூம்ல ஒயின் இருக்க முடியாது. ஆகவே அது ஒயின் இல்லை. நாணு, என்ன இது?"

"சாறு சார்," என்றார் நாணு.

"பாத்தீங்களா?"

அதே வாரம் மண்ணியல் இலாகாவில் ஒரு கலவரம். அவர்களிடம் ஒப்படைத்திருந்த கற்பூரத்தைத் தட்டில் வைத்திருந்தார்கள். தட்டு இருந்தது, கற்பூரத்தைக் காணோம். யார் மேலும் சந்தேகம் இல்லை. அது ஆவியாகி வானிலை இலாகாவுக்குப் போய்விட்டது என்று ஓஸ்வால்ட் விளக்கினான். விளக்காமல் இருந்திருக்கலாம். பிரின்சிபால் அவசரக் கூட்டம் கூட்டினார். அன்று மட்டும் கூட்டம் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை; அவ்வளவு கோபம்.

"இந்தக் கலாசாலையில ஒரு பியூன் ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமுக்கு மாறணும்னா என் கையெழுத்து வேணும். நானே இங்க மாத்தலாகி வரதுக்கு எத்தனை வருஷம் காத்துண்டிருந்தேன் தெரியுமா? ஒரு கற்பூரம், மனு கிடையாது, உத்தரவு கிடையாது, ராத்திரியோட ராத்திரியா திடத்துலேர்ந்து வாயுவுக்குப் போயிடறது! அதுக்கு என்ன அவ்வளவு அவசரம்? இன்னிக்குக் கற்பூரம் போகும், நாளைக்குக் கிளார்க் போவான். மாற்றத்தை ஆராயற சாஸ்திரம் நமக்கு வேண்டாம். மாற்றத்தைத் தடுக்கற சாஸ்திரம்தான் வேணும். எழுதிக்கோங்கோ: பொருள் எதுவும் வேறு எதுவாகவும் மாறாதபடி காக்கும் சாஸ்திரம் இரசாயனம்."

அறை முழுக்கக் கைதட்டல். மாறாவிட்டால் எதுவும் கையை விட்டுப் போகாது என்பதால் எல்லா இலாகாவுக்கும் திருப்தி. சுந்தரராமன்கூட ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஆட்சேபம் இல்லை என்பதை எப்படி ஸ்திரப்படுத்துவது? இன்றைக்கு இல்லாத ஆட்சேபம் நாளைக்கு வந்தால்?

ஓஸ்வால்ட் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றரை வருஷமாக ஓலை ஓலை என்றே கேட்டுக்கொண்டிருந்த வாய், கேட்காமலே உளறிவிட்டது. "எங்க கோயில்ல கலியாணத்துக்கு மூணு தடவை ஓலை வாசிப்பாங்க சார். மூணு தடவையும் யாரும் தடை சொல்லலேன்னா, அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாலும் செல்லாது."

பிரின்சிபாலின் முகம் மலர்ந்தது. "அபாரம்! இரசாயனத்துக்கு ஓலை வாசிச்சுடுவோம்."

அடுத்த சனிக்கிழமையே நாணு மணி அடித்துக் கூட்டத்தைக் கூட்டி முதல் ஓலை வாசித்தார். "சர்வசாஸ்திர கலாசாலைக்கும் இரசாயன சாஸ்திரத்துக்கும், மேற்படி வரையறைப்படி..." என்று தொடங்கி, தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லவும் என்று முடித்தார். யாரும் எழவில்லை. இரண்டாம் ஓலைக்கும் அப்படியே. மூன்றாம் ஓலை முடிந்தால் இரசாயன இலாகா ஸ்திரம், ஓஸ்வால்ட் பர்மனென்ட், மறுநாள் ஞாயிறு அவனுடைய மூன்றாம் ஓலை.

அதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகும் வழியில் ஜூடித்திடம் ஓஸ்வால்ட் எல்லாவற்றையும் கொட்டினான்.

"பொய் ஜூடித், அத்தனையும் பச்சைப் பொய். இரும்பு துருப்பிடிக்குது, பால் தயிராகுது. இது எதுவும் நடக்காதுன்னு சொல்ற சாஸ்திரத்துக்கு நான் வாத்தியாராம்."

"எழுந்து, இது தப்புன்னு சொன்னா என்னா ஆகும்?"

"வேலை போயிடும்."

"சொல்லலேன்னா?"

"பர்மனென்ட்."

ஜூடித் ஒரு வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டாள். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொன்னா, காலம் பூரா உன்னாலதான் உன்னாலதான்னு குத்திக் காட்டுவீங்க. நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை முதல் ஓலைலேர்ந்து ஆரம்பிச்சாங்கன்னா, நானே கோயில்ல எழுந்து நின்னு தடை சொல்லிடுவேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓஸ்வால்டுக்கு அது தெரியும்.

மூன்றாம் ஓலை அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நாணு வாசித்து முடித்து, "தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லவும்," என்றார். சென்னையில் முதன்முதலாக ஒரு நீலக் கரைசல் ஓஸ்வால்டின் கண் முன்னால் நிறம் மாறியதும், அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தன. அவனை அறியாமல் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"என்ன மிஸ்டர் ஓஸ்வால்ட்? ஆட்சேபமா?" என்றார் பிரின்சிபால்.

ஓஸ்வால்ட் வாயைத் திறந்தான். வாயில் வார்த்தை இருந்தது. பெர்னார்டின் முகமும், மீன் கடையில் நின்ற ஜூடித்தின் முகமும் குறுக்கே வந்தன.

"கால் மரத்துப் போச்சு சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். உட்கார நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தான்.

ஏகமனதாக நிறைவேறியது.

பேப்பரைப் பெர்னார்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சீல் இரண்டு பக்கமும் தெரிகிறதா என்று பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தபோது கோயில் மொத்தமும் எழுந்து கைதட்டிற்று, சாமியார் கண்டிக்கவில்லை. அந்த மாதமே தாலி கட்டியாயிற்று.

விருந்து ஆஸ்டின் டவுனில் பெர்னார்ட் வீட்டு முன்னால், பந்தல் போட்டு. பிரியாணிப் புகை தெருக்கோடிவரை போயிற்று. ஜட்கா வந்து நின்றது. பிரின்சிபால் இறங்கினார், சுந்தரராமன் இறங்கினார், கடைசியாக நாணு, முத்திரை வைத்த ஜாடியைக் குழந்தை மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கினார். கலாசாலை கடன் வாங்கிய பொருளைக் கலியாணத்தன்று திருப்பிக் கொடுக்கிறது என்று பிரின்சிபால் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

"நாங்க வெளியில சாப்பிடறதில்லை, தப்பா நினைச்சுக்கப்படாது," என்றார் பெர்னார்டிடம். "ரெண்டு வாழைப்பழம், கொஞ்சம் பழரசம் போதும். நாங்கதான் சாறு கொண்டுவந்திருக்கோமே, அதையே ஊத்துங்கோ." கோட்டுப் பையிலிருந்து தம்முடைய சொந்த வெள்ளி டம்ளரை எடுத்தார்.

பெர்னார்ட் முத்திரையை உடைத்துத் துணியை அவிழ்த்தார். அடுத்த கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினம் தினம் திறந்து கலக்கிக் காற்றுக் காட்டிய ஒயின், அசல் வினிகராகி, பந்தல் முழுக்க மூக்கைத் துளைத்தது.

"என்னா மேன் இது?" என்று மாப்பிள்ளையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

ஓஸ்வால்ட் எதுவும் சொல்வதற்குள் பிரின்சிபால் டம்ளரை நீட்டி, வாங்கி, ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டார். அவருடைய கண் பிதுங்கிற்று. தலைப்பாகை ஆடிற்று. இதை வினிகர் என்றால் சாறு மாறிவிட்டது. சாறு மாறிவிட்டால் வரையறை தப்பு. வரையறை தப்பென்றால் மூன்று ஓலையும் அவரும் தப்பு. அவர் சுந்தரராமன் பக்கம் டம்ளரைத் திருப்பினார்.

"ருசி... குணம். குணம் உங்க இலாகா. சொல்லுங்கோ."

சுந்தரராமன் பொருள்களின் குணம் தம்முடையது என்று பேசிய நாளை நினைத்து முதல் முறையாக வருந்தினார். நாணு தொன்னையில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தார். பேச்சு வர நேரமாயிற்று. "சாறுதான்," என்றார்.

"ஏனூ ஆகில்லா சார்," என்றார் நாணு, கேட்காமலே.

எல்லாரும் ஓஸ்வால்டைப் பார்த்தார்கள். அவன் ஒரு வாய் குடித்தான். தொண்டை எரிந்தது. காது மடல் சுட்டது. "சாறுதான் சார்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கலியாணப் புடவையோடு உட்கார்ந்திருந்த ஜூடித் எழுந்து வந்தாள். ஒரு சொம்பில் ஜாடியிலிருந்து மொண்டாள். பந்தியில் பிரியாணிக்கு வைத்திருந்த வெங்காயத் தட்டுகளில் வரிசையாக ஊற்றிக்கொண்டே போனாள்.

"வெங்காயத்துக்கு வினிகர் பத்தலைன்னு அப்பா காலையிலேர்ந்து ஒரே பேஜார்," என்றாள். பிறகு புருஷன் முன்னால் வந்து நின்றாள். "நீங்க இப்போ எங்க இருக்கீங்க? காலேஜுலயா, வீட்டுலயா?"

ஓஸ்வால்ட் அவளைப் பார்த்தான். ரொம்ப நாளாக வாயில் தங்கியிருந்த வார்த்தை ஒன்று அவனுக்கு இருந்தது. தட்டை நீட்டினான்.

"வீட்டுல," என்றான். "வினிகர் ஊத்து. நல்லா ஊத்து. அது வினிகர்தான்."

பெர்னார்டின் கை சட்டைப் பையில் இருந்த பேப்பரைப் பொத்திக்கொண்டது. பிரின்சிபால் மெதுவாக எழுந்தார். "மிஸ்டர் ஓஸ்வால்ட், என்ன சொன்னீங்க?"

நாணு குனிந்து பிரின்சிபாலின் காதில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, விதியை எடுத்துச் சொன்னார்: "சார், மூணாம் ஓலை ஆயிடுத்து. இனிமே யார் என்ன சொன்னாலும் செல்லாது."

"செல்லாதா?"

"செல்லாது சார். இவரை எடுக்கவும் முடியாது. பர்மனென்ட்."

பிரின்சிபால் கொஞ்சம் யோசித்தார். முகத்தில் நிம்மதி பரவிற்று. "செல்லாதுன்னா தாராளமா சொல்லட்டும்," என்று உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஓஸ்வால்ட் உண்மை சொல்வதற்குக் கலாசாலையில் யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

ஜூடித் சொம்போடு பிரின்சிபால் பக்கம் வந்தாள். "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்தட்டுமா சார்?"

அவர் பந்தலைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வெள்ளி டம்ளரை நீட்டினார். ஜூடித் விளிம்புவரை ஊற்றினாள்.